கம்ப்யூட்டரிடம் தோற்றுக்கொண்டே இருப்பவர்களுக்கு: ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 பழகும் முறை

பள்ளி லீவுக்கு வந்திருந்த அக்கா மகன் மூன்றாம் நாள் ராத்திரி லேப்டாப்பைப் படாரென்று மூடிவிட்டு, "மாமா, இது கள்ளாட்டம் ஆடுது" என்றான். ஆடியது ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, டெஃபினிட்டிவ் எடிஷன்; ஊர் கட்டி, படை சேர்த்து, எதிரியை அழிக்கிற கம்ப்யூட்டர் விளையாட்டு. கடினநிலை மாடரேட். ஏழு ஆட்டம், ஏழும் தோல்வி. பாளையங்கோட்டையில் பள்ளி அளவில் செஸ் கப் வாங்கியவன் என்பதால் ரோஷம் கொஞ்சம் கூடுதல்.

எட்டாவது ஆட்டத்தை அவனுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பதினான்காவது நிமிடம். கையில் உணவு 900-க்கு மேல் சும்மா கிடக்கிறது. வேலையாட்கள் பிறக்கும் நடுக் கட்டடமான டவுன் சென்டரில் ஒரு ஆள்கூட உருவாகவில்லை. தீர்ந்துபோன பெர்ரிச் செடிகளுக்குப் பக்கத்தில் ஏழு வில்லேஜர்கள் (வேலையாட்கள்) கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி நிற்கிறார்கள். இவனோ வரைபடத்தின் வடக்கு மூலையில், எதிரியின் ஒற்றைக் குதிரையைத் தன் இரண்டு ஈட்டிக்காரர்கள் துரத்துவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். குதிரையை நடந்து பிடிக்க முடியுமா? அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் கண் அங்கேதான் நிற்கிறது.

கள்ளாட்டம் என்று அவன் சொன்னதில் பழைய காலத்து உண்மை கொஞ்சம் உண்டு. 1999-இல் வந்த முதல் பதிப்பில் ஹார்டெஸ்ட் நிலையில் கம்ப்யூட்டர் தனக்குத்தானே கூடுதல் பொருட்களைப் போட்டுக்கொள்ளும். 2019 நவம்பரில் வந்த டெஃபினிட்டிவ் எடிஷனில் அது கிடையாது. நமக்குக் கொடுத்த அதே 200 உணவு, 200 மரம், 100 தங்கம், 200 கல்லோடுதான் அதுவும் தொடங்குகிறது. அதற்கு இருக்கும் ஒரே வசதி, ஒன்றை வேடிக்கை பார்த்துக்கொண்டு மற்றதை மறப்பதில்லை என்பதுதான்.

எதனால் இவ்வளவு கஷ்டம்

செஸ்ஸில் எதிராளி யோசிக்கும்போது பலகை அசையாமல் இருக்கும். தாயத்திலும் நம் முறை வரும்வரை வெற்றிலை போட்டுக்கொள்ளலாம். 1992-இல் வந்த டூன் 2 வார்த்துக் கொடுத்த இந்த வகை விளையாட்டில் முறை என்பதே கிடையாது. மரம் வெட்ட வேண்டும், வீடு கட்ட வேண்டும், படை சேர்க்க வேண்டும், எதிரி என்ன செய்கிறான் என்று பார்க்க வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில். எதிரி செய்வதோ இருட்டுக்குள் நடக்கிறது.

விரல் வேகம்தான் எல்லாம் என்று பலர் நினைக்கிறார்கள். இதே வகையான ஸ்டார்கிராஃப்ட்டின் தொழில்முறை ஆட்டக்காரர்கள் நிமிடத்துக்கு 300 தடவை அளவில் கிளிக் செய்வதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் என் மருமகனுக்கு ஒரு கதை சொன்னேன். 1997-இலேயே கம்ப்யூட்டர் உலக சாம்பியன் காஸ்பரோவைச் செஸ்ஸில் தோற்கடித்துவிட்டது. ஸ்டார்கிராஃப்ட் 2-இல் கை தேர்ந்த மனிதர்களைத் தோற்கடித்ததை டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாஸ்டார் என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் 2019 ஜனவரியில்தான் வெளியில் காட்டியது. இரண்டு ஆட்டக்காரர்களோடு ஐந்தைந்து ஆட்டம், பத்திலும் வெற்றி. அந்தப் பத்திலும் அதற்கு ஒரு சலுகை இருந்தது. திரையை நகர்த்தாமலே, தன் ஆட்கள் இருக்கும் இடம் முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்க முடிந்தது. நம்மைப் போலத் திரையை நகர்த்தி நகர்த்தித்தான் பார்க்க வேண்டும் என்று பழக்கிய இன்னொரு ஆல்ஃபாஸ்டார், மானா என்ற போலந்து ஆட்டக்காரரிடம் நேரலையில் தோற்றது. அதற்குப் பயிற்சி நாட்கள் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இருந்தாலும், எங்கே பார்ப்பது என்ற தொல்லை இயந்திரத்தையே படுத்தியிருக்கிறது.

எங்கள் தாத்தாவுக்குச் சேரன்மகாதேவி பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயல் இருந்தது. ஜூனில் பாபநாசம் அணை திறந்து கார் நெல்லுக்குத் தண்ணீர் வந்துவிட்டால் ராத்திரி முறை வரும். டார்ச்சும் மம்பட்டியுமாகப் போவார். ஒரு வயலுக்கு வாமடையை வெட்டிவிட்டு அங்கேயே நிற்க மாட்டார். அடுத்த வயல், அதற்கடுத்தது, வரப்பில் நண்டு வளை, திரும்பவும் முதல் வயல். ஓயாத சுற்று. நிறைவதை நின்று பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். நின்றால் பக்கத்து வரப்பு உடைந்திருக்கும். பத்து மடை இருந்ததால்தான் பக்கத்து ஊருக்குப் பத்தமடை என்று பெயர் வந்தது என்று சொல்வார்கள். பத்து மடையை ஒரு ஆள் பார்ப்பது எப்படி என்று கேட்டால் இந்த விளையாட்டுக்குப் பாதி விடை வந்துவிடும். கீழே சொல்லும் படிகள் எல்லாம் அந்தச் சுற்றைக் கைக்குப் பழக்குவதற்குத்தான்.

உட்காருவதற்கு முன்

முதலில் மவுஸ். லேப்டாப் டச்பேடில் இதை ஆடவே முடியாது. வயர் வைத்த சாதாரண மவுஸ் போதும். விளக்கு மினுக்கும் கேமிங் மவுஸெல்லாம் பந்தாவுக்கு. லேப்டாப் ரொம்பப் பழசு, காசு கொடுத்து வாங்கவும் மனமில்லை என்றால் ஜீரோ ஏ.டி. என்ற இலவச விளையாட்டு இருக்கிறது. லினக்ஸிலும் ஓடும், மௌரியப் படையும் அதில் உண்டு. எண்கள் மாறும், படிகள் மாறாது.

ஆட்ட அமைப்பில் ஐந்து விஷயம். வரைபடம் அரீனா, நம்மைச் சுற்றி மதில் இருக்கும், ஆரம்பத்தில் யாரும் உள்ளே வர முடியாது. அளவு டைனி, எதிரி ஒன்றே ஒன்று. கடினநிலையை ஈஸியெஸ்ட்டில் வையுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அங்கே ஜெயிப்பதற்காகப் போகவில்லை. வேகம் வழக்கமாக நார்மலில் இருக்கும். பெயர்தான் நார்மல், கடிகாரத்தைவிட 1.7 மடங்கு வேகம். அதை ஸ்லோவுக்கு மாற்றினால் விளையாட்டு விநாடியும் நம் விநாடியும் ஒன்றாகும்.

ஐந்தாவது, எந்த நாடு என்பது. மருமகன் எடுத்திருந்தது திராவிடியன்ஸ். 2022 ஏப்ரலில் டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற இணைப்பில் வந்தது. வில்லேஜரைத் தொட்டால் தமிழில் பதில் சொல்வான், ராஜேந்திர சோழன் படலமும் உண்டு. எனக்கும் முதல் தடவை கேட்டபோது புல்லரித்தது, மறைக்கவில்லை. ஆனால் அது கடலில் பலசாலி. தரையில் நைட் என்ற கனத்த குதிரைப்படையே கிடையாது. அரீனாவிலோ கடலே இல்லை. பழகுகிறவர்கள் ஃப்ராங்க்ஸ் எடுப்பது நல்லது. பெர்ரி பறிப்பது வேகம், வயல் மேம்பாடுகள் இலவசம், குதிரைகளுக்கு உயிர் அதிகம். ஒரு மாதம் அதையே ஆடுங்கள். நாடு மாற்றிக்கொண்டே இருந்தால் ஒன்றும் பழகாது. தமிழ் பேசுகிறவர்கள் எங்கேயும் போய்விட மாட்டார்கள்.

முதல் படி: டவுன் சென்டர் தூங்கக் கூடாது

இந்த ஒரு படியிலேயே பத்து ஆட்டம் போகலாம், போகட்டும்.

ஒரு வில்லேஜருக்கு 50 உணவு, 25 விநாடி. தொடக்கத்தில் மூன்று வில்லேஜர்களும் ஒரு சாரணக் குதிரையும் இருக்கிறார்கள். கையில் இருக்கும் 200 உணவுக்கு நாலு ஆள் வரும், அதாவது 100 விநாடிக்குத் தாங்கும். அதற்குள் ஆட்டிறைச்சி வந்துசேர வேண்டும். ஆனால் ஐந்து பேருக்குத்தான் இடம், நாலு பேர் ஏற்கெனவே இருக்கிறார்கள். அதனால் ஆட்டம் தொடங்கியதும் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: எச் கீயை அழுத்தினால் டவுன் சென்டர் பிடிபடும், க்யூ கீயை நாலு தடவை அழுத்தினால் நாலு வில்லேஜர் வரிசையில் நிற்பார்கள். இரண்டு பேர் சேர்ந்து ஒரு வீடு, மூன்றாமவன் தனியாக இன்னொரு வீடு. சாரணக் குதிரை ஆடு தேடப் போகட்டும்.

வீட்டுக்கு 25 மரம், ஐந்து பேருக்கு இடம். ஒருவர் தனியாகக் கட்டினால் அதற்கும் 25 விநாடி. இந்தப் பொருத்தத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு பேருக்குத்தான் இடம் என்னும்போது வீட்டைத் தொடங்கினால் தடங்கல் வராது. நிறைந்த பிறகு தொடங்கினால் ஒரு ஆள் போச்சு.

கணக்கைப் பாருங்கள். பத்து நிமிடத்தில் 600 விநாடி, 24 ஆட்கள். டவுன் சென்டர் இங்கே முப்பது விநாடி, அங்கே நாற்பது விநாடி என்று மொத்தம் இரண்டு நிமிடம் சும்மா இருந்திருந்தால் கிட்டத்தட்ட ஐந்து ஆள் குறைவு. அந்த ஐந்து பேரும் கடைசிவரை கொண்டுவந்திருக்க வேண்டிய மரமும் உணவும் குறைவு. இருபதாவது நிமிடத்தில் எதிரி படை பெரிதாகத் தெரிவது இந்தக் கணக்கால்தான்.

பயிற்சி ஒன்றுதான்: டவுன் சென்டர் நிற்காமல் 21 வில்லேஜர்களைக் கொண்டு வாருங்கள். வந்தவுடன் ஆட்டத்தை முடித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். படை வேண்டாம், சண்டை வேண்டாம். மருமகன் இதைக் கேட்டதும், "அப்போ இது என்ன கேமு, மாமா?" என்று முகத்தைத் தொங்கப்போட்டான். பத்து ஆட்டம் என்றேன். ஆறுக்கு ஒத்துக்கொண்டான்.

இரண்டாம் படி: யாரை எங்கே அனுப்புவது

முதல் ஆறு பேர் ஆட்டுக்கு. ஆடுகளை டவுன் சென்டர் காலடியிலேயே கொண்டுவந்து, ஒவ்வொன்றாக அறுக்க வேண்டும். அறுத்துப் போட்ட இறைச்சி நேரம் ஆக ஆகக் குறையும். அடுத்த நாலு பேர் மரத்துக்கு. காட்டை ஒட்டி, நிஜமாகவே ஒட்டி, வெட்டிய மரத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் லம்பர் கேம்ப் கட்ட வேண்டும். மருமகன் கட்டியது காட்டிலிருந்து ஆறு கட்டம் தள்ளி. ஒவ்வொருவனும் விறகைச் சுமந்துகொண்டு திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து டவுனுக்கு நடக்கிற மாதிரி நடந்துகொண்டிருந்தான்.

அடுத்த ஆள் காட்டுப் பன்றிக்கு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், புதியவர்களின் முதல் சாவு இங்கேதான். பன்றிக்கு 340 உணவு, மூன்று ஆட்டுக்கு மேல். ஒரே ஒரு வில்லேஜரை அனுப்பி அம்பு விடச் சொல்லுங்கள். முதல் அம்பு பட்டு, இரண்டாவதும் பட்டதைப் பார்த்தவுடன் டவுன் சென்டரை நோக்கி ஓட வையுங்கள். பன்றி துரத்தி வரும். சென்டர் பக்கம் வந்ததும் ஆட்டுக்காரர்களில் நாலைந்து பேரைப் பன்றிமேல் ஏவுங்கள். ஓடி வந்தவன் உயிர் போகும்போல இருந்தால் சென்டருக்குள் நுழைத்துவிடலாம். அம்பு விட்டுவிட்டு வேறு எங்கேயாவது பார்க்கப் போனால் அந்த ஆள் அங்கேயே காலி. 25 புள்ளி உயிர்தான் அவனுக்கு. கடையம், பாபநாசம் பக்கம் மலையடிவாரத்தில் விவசாயம் பார்ப்பவர்களிடம் பன்றியைப் பற்றிக் கேட்டால் இதைவிட விவரமாகச் சொல்வார்கள்.

பிறகு வருகிற நாலு பேர் பெர்ரிக்கு, பக்கத்திலேயே உணவு சேர்க்கும் மில். லம்பர் கேம்ப் ஒன்று, மில் ஒன்று ஆக இரண்டு கட்டடம் ஆகிவிட்டது. ஆட்டத்தின் அடுத்த கட்டமான ஃபியூடல் காலத்துக்குப் போக இப்படி இரண்டு கட்டடம்தான் கேட்கும், கூடவே 500 உணவு. இன்னொரு பன்றி, மரத்துக்கு மீதிப் பேர், ஆடு தீரத் தீர ஒவ்வொருவராக வயலுக்கு. வயல் ஒன்றுக்கு 60 மரம் என்பதால் மரத்தில் ஆள் குறைந்தால் சோறும் குறையும். கடைசியில் டவுன் சென்டரில் லூம் என்ற மேம்பாடு. வில்லேஜர்களுக்கு 15 உயிர் கூட்டும், அதற்கும் அதே 25 விநாடி.

இப்போது ஒரு கழித்தல் கூட்டல். 21-இல் 3 போனால் 18 ஆள், 25 விநாடி வீதம் 450 விநாடி, ஏழரை நிமிடம். லூமோடு 7:55. அந்த நொடியில் ஃபியூடலுக்கு அமுக்கினால் 130 விநாடி கழித்து 10:05-க்குப் போய்ச் சேரலாம். இது எந்தத் தடங்கலும் இல்லாதவனின் கணக்கு. பழகுகிறவருக்கு அமுக்குவதே பத்து நிமிடம் தாண்டினாலும் மோசமில்லை. மருமகனின் எட்டாவது ஆட்டத்தில் 13:40. ஒன்றரை வாரத்தில் 9:20-க்கு வந்தான். விரல் வேகம் அதேதான், மறதி குறைந்தது.

மூன்றாம் படி: கையை மவுஸிலிருந்து கொஞ்சம் விடுவிப்பது

கீபோர்டில் இருக்கும் அத்தனை குறுக்குவழிகளையும் மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். நாலு போதும். எச் கீ டவுன் சென்டருக்கு. புள்ளி கீ வேலையில்லாமல் நிற்கும் அடுத்த வில்லேஜருக்கு. கண்ட்ரோலோடு ஒரு எண்ணை அழுத்தினால் பிடித்து வைத்திருக்கும் படை அந்த எண்ணுக்குப் போகும். பிறகு அந்த எண்ணை மட்டும் தட்டினால் படை கைக்கு வரும். ஷிஃப்ட் கீயைப் பிடித்துக்கொண்டு அடுத்தடுத்து வேலை கொடுத்தால் வரிசையாகச் செய்வார்கள். வீடு கட்டச் சொல்லி, ஷிஃப்டோடு மரத்தில் வலது கிளிக். வீடு முடிந்ததும் அவனாகவே விறகு வெட்டப் போவான்.

இன்னொன்று. டவுன் சென்டரைப் பிடித்து ஒரு மரத்தில் வலது கிளிக் செய்தால், பிறக்கிற ஆள் நேரே அந்த மரத்துக்கே போவான். ஏழு பேர் சும்மா நின்றதில் பாதிப் பேர் இதைச் செய்யாததால் நின்றவர்கள்.

நாலாம் படி: சுற்று

நார்மல் வேகத்தில் 25 விளையாட்டு விநாடி என்பது நம் கடிகாரத்தில் 15 விநாடிக்கும் சற்றுக் குறைவு. ஆக ஒவ்வொரு 15 விநாடிக்கும் ஒரு தடவை எல்லா மடையையும் பார்த்து வர வேண்டும். வரிசை இது: டவுன் சென்டரில் ஆள் உருவாகிறதா, வீட்டில் இடம் இருக்கிறதா, யாராவது சும்மா நிற்கிறார்களா, எந்தப் பொருள் குவிந்து கிடக்கிறது, சின்ன வரைபடத்தில் புதிய நிறம் தெரிகிறதா. அப்புறம்தான் படை. பார்த்து முடித்தால் மறுபடி முதலிலிருந்து.

இதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன். மனதுக்குள் சொன்னால் சண்டை வந்தவுடன் நின்றுவிடும், வாயால் சொன்னால் நிற்பது நமக்கே கேட்கும். "செண்டரு, வீடு, சும்மா நிக்கவன், குவிஞ்சது, மேப்பு" என்று அவன் மந்திரம் மாதிரி ஓத ஆரம்பித்தான். அடுக்களையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்து, "ஏலே, யார்கிட்ட பேசுத?" என்றாள்.

குவிந்து கிடப்பது பற்றி ஒரு வார்த்தை. நம் வீடுகளில் சேர்த்து வைப்பதுதான் சாமர்த்தியம். இங்கே நேர் எதிர். ஆட்ட முடிவில் கையில் 2000 மரம் இருந்தால் அது சேமிப்பு ஆகாது, கட்டாமல் விட்ட கட்டடங்கள். 300 மரம் தாண்டிக் கிடந்தால் ஏதோ ஒன்றைக் கட்டுங்கள்; என்ன கட்டுவது என்று தெரியாவிட்டால் வயல். தங்கம் மட்டும் குவிகிறது, உணவு இல்லை என்றால் இரண்டு பேரைச் சுரங்கத்திலிருந்து வயலுக்கு மாற்றுங்கள். ஃபியூடலுக்கு அடுத்து வரும் காஸில் காலத்துக்கு 800 உணவும் 200 தங்கமும் வேண்டும் என்பதால் அதற்குச் சேர்க்கும் சமயம் மட்டும் விதிவிலக்கு.

இந்தப் படிக்கு வந்த பிறகுதான் வேகத்தை நார்மலுக்கும் கடினநிலையை ஸ்டாண்டர்டுக்கும் ஏற்ற வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் ஏற்றாதீர்கள்.

ஐந்தாம் படி: எட்டிப் பார்ப்பது

சாரணக் குதிரை முதலில் நம் ஊரைச் சுற்றிவர வேண்டும். ஆடு எட்டு, பன்றி இரண்டு, பெர்ரி, தங்கம், கல் எங்கெங்கே என்று தெரிந்த பிறகு எதிரி ஊர்ப் பக்கம். எதிரியிடம் ஆர்ச்சரி ரேஞ்ச் எழும்பியிருந்தால் வில்லாளர்கள் வரப்போகிறார்கள், நாம் எறியீட்டி வீசும் ஸ்கர்மிஷர் போட வேண்டும். ஸ்டேபிள் எழும்பியிருந்தால் குதிரை, நாம் ஈட்டி. இரண்டுக்கும் தங்கமே தேவையில்லை, உணவும் மரமும் போதும். மற்றப் பொருத்தங்களையெல்லாம் இப்போதே பாடம் செய்ய வேண்டாம், தோற்கத் தோற்கத் தானாகவே தெரியும்.

ஆறாம் படி: சண்டையைப் பார்க்காமல் சண்டை போடுவது

படிகளிலேயே மனசுக்கு ஒப்பாதது இதுதான். ராணுவத்தை அனுப்பிவிட்டு யாருக்குத்தான் திரும்பி வந்து வயல் பார்க்கத் தோன்றும்? இரண்டு படை மோதினால் கண் அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. அந்த நாற்பது விநாடியில் ஊரில் மூன்று வேலை நின்றுபோகிறது.

அதனால் படையை எண் 1-இல் போட்டுக்கொள்ளுங்கள். பேரக்ஸ், ஸ்டேபிள் எல்லாவற்றிலும் பிறக்கும் வீரர்கள் கூடும் இடமாக ஒரே ஓரிடத்தை வையுங்கள். வெறுமனே நடக்கச் சொல்லாமல், தாக்கிக்கொண்டே போகும் கட்டளையைக் கொடுங்கள். வழியில் எதிரி பட்டால் அவர்களே சண்டை போடுவார்கள். கட்டளை கொடுத்தாயிற்றா, உடனே எச் கீ. ஒரு சுற்று. பிறகு 1. படை எப்படி இருக்கிறது என்று ஒரு பார்வை. மறுபடி எச்.

ஒரு மாலை அவனைச் சோதித்தேன். ஸ்டாண்டர்டு நிலையில் பதினாறு குதிரைகளை எதிரி ஊருக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, திரையின் அந்தப் பக்கத்துக்கே போகக் கூடாது என்றேன். துடித்துப்போனான். சத்தம் மட்டும் கேட்கிறது, வாள் மோதுகிறது, யாரோ சாகிறார்கள். அவன் வீடு கட்டினான், இரண்டு வயல் போட்டான், ஸ்டேபிள்களில் குதிரைகளை வரிசையில் வைத்தான். ஒரு நிமிடம் கழித்துப் போய்ப் பார்த்தால் பதினாறில் ஒன்பது செத்திருந்தது. ஆனால் ஊர் வாசலில் புதிதாக ஏழு நின்றது. "கணக்கு சரியாப் போச்சே மாமா" என்றான். ஒவ்வொரு குதிரையையும் கையால் நகர்த்திக் காப்பாற்றும் வித்தையும் இருக்கிறது. அது அழகுதான். முதல் நூறு ஆட்டத்துக்கு அது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நன்றாக ஆடுகிற பலர் இதில் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள்.

கொல்லனிடம் ஆயுத மேம்பாடு செய்ய மறந்துவிட்டுப் படை எண்ணிக்கையை மட்டும் கூட்டுவது இன்னொரு பொதுத் தவறு. பிளாக்ஸ்மித்தைச் சுற்றில் சேர்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

ஏழாம் படி: தோற்ற ஆட்டத்தைத் திரும்பப் பார்ப்பது

ஆட்டத்தைப் பதிவு செய்து பிறகு ஓட்டிப் பார்க்கும் வசதி இருக்கிறது. சண்டைக் காட்சிகளைத் தாண்டி ஓட்டிவிடுங்கள். டவுன் சென்டரை மட்டும் பார்த்து, அது சும்மா இருந்த விநாடிகளை ஒரு தாளில் எழுதுங்கள். எந்தக் காரணத்தால் சும்மா இருந்தது என்பதையும் எழுதுங்கள்: உணவு இல்லை, வீடு இல்லை, மறந்துபோச்சு. மருமகனின் தாளில் முதல் வாரம் மறதிதான் நிறைய. இரண்டாம் வாரம் வீடு. காரணம் மாறினால் வளர்ச்சி என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆர்ட் ஆஃப் வார் என்ற பயிற்சிப் பகுதி விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது. பொருளாதாரத்துக்கு, தற்காப்புக்கு என்று தனித்தனியாகப் பாடம், முடித்தால் வெண்கலம், வெள்ளி, தங்கப் பதக்கம். வெண்கலம் வாங்கியதும் நகர்ந்துவிடுங்கள், தங்கத்துக்காக அங்கேயே கிடக்க வேண்டாம்.

ஒரு நிலையில் மூன்று தடவை தொடர்ந்து ஜெயித்தால் அடுத்த நிலை. ஈஸியெஸ்ட், ஸ்டாண்டர்டு, மாடரேட், ஹார்டு, ஹார்டெஸ்ட், எக்ஸ்ட்ரீம் என்பது வரிசை. மாடரேட்டுக்கும் ஹார்டுக்கும் நடுவில் இருப்பது படி இல்லை, சுவர். அங்கே மாதக் கணக்கில் நிற்பவர்கள் உண்டு, நான் நின்றிருக்கிறேன். ஆன்லைனில் மனிதர்களோடு ஆடப் போனால் எல்லோருக்கும் 1000 புள்ளியில் தொடக்கம். உங்கள் உண்மையான அளவுக்கு இறங்கும்வரை முதல் பத்துப் பதினைந்து ஆட்டம் வரிசையாகத் தோற்கலாம். அதற்குத் தயாராகப் போங்கள். காசில்லாமல் வேறொன்று வேண்டும் என்றால் 2017 நவம்பரிலிருந்து ஸ்டார்கிராஃப்ட் 2 இலவசம். அங்கே வேலையாள் பிறக்க 12 விநாடிதான், சுற்று இன்னும் இறுகும்.

ஹார்டுக்குப் போகிறவர்களுக்கு

காஸில் காலம் வந்தவுடன் கூடுதல் டவுன் சென்டர் கட்டலாம். ஒன்றுக்கு 275 மரம், 100 கல். தொடக்கத்தில் கொடுத்த 200 கல்லைத் தொடாமல் வைத்திருந்தால் இரண்டு கட்ட அதுவே போதும். மொத்தம் மூன்று சென்டர் என்றால் 25 விநாடிக்கு மூன்று ஆள், 150 உணவு. அதைத் தாங்க வயல்களை முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும். எச் கீயை மறுபடி மறுபடி தட்டினால் மூன்றுக்கும் மாறி மாறிப் போகும். ஒரு மடை பார்த்த கை இப்போது மூன்று மடை பார்க்க வேண்டும். முதல் சில ஆட்டத்தில் குழம்பத்தான் செய்யும். குழப்பம் தாங்கவில்லை என்றால் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஓயாமல் ஓடும் இரண்டு, அரைத்தூக்கத்தில் இருக்கும் மூன்றைவிட மேல்.

மருமகன் லீவு முடியும் வாரத்தில் மாடரேட்டில் நாலு ஆட்டம் வரிசையாக ஜெயித்துவிட்டு ஊருக்குப் போனான். போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வாட்ஸப்பில் வாய்ஸ் மெசேஜ். ஹார்டில் மறுபடி தோல்வி. கள்ளாட்டம் என்ற பேச்சே இல்லை. "மாமா, ரெக்கார்டிங் போட்டுப் பார்த்தேன். ஆத்தோரம் கட்டுனேம்லா, அந்த செண்டரு. நாலு நிமிசமா சும்மாவே கெடந்திருக்கு."